நூற்றெட்டு விழுக்காடு நிரம்பிய கப்பல்

ராயல் கரீபியன் நிறுவனத்தின் சொகுசுக் கப்பல்கள் 2019ஆம் ஆண்டில் சராசரியாக 108 விழுக்காடு நிரம்பி ஓடின. நிறுவனமே வெளியிட்ட கணக்கு இது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்களோ என்று தோன்றும். அப்படி யாரும் போகவில்லை. எல்லோருக்கும் மெத்தை இருந்தது, சாப்பாட்டு மேசையில் இடம் இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டுதான் நூறு விழுக்காட்டைக் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆளாக ஒரு குழந்தை ஏறினாலே கணக்கு நூறைத் தாண்டிவிடும்.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஐக்கான் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். கேபினுக்கு இருவர் என்றால் அதில் 5,610 பயணிகள். உச்ச அளவோ 7,600. நடுவிலுள்ள ஏறக்குறைய 2,000 பேர், இழுத்தால் படுக்கையாகும் சோபாவிலும், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் பெர்த்திலும் தூங்குகிறவர்கள். பள்ளி விடுமுறை வந்தால் இந்தக் கூட்டம் ஏறும், விடுமுறை முடிந்தால் இறங்கும்.

ஆக, ஒரு கப்பலில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. கேபின்களை எண்ணினால் ஒரு விடை, படுக்கைகளை எண்ணினால் இன்னொன்று. உயிர்காப்புப் படகுகளைக் கேட்டால் மூன்றாவது எண் வரும். துறைமுக நாட்டின் சுகாதாரத் துறை சில சமயம் நான்காவதாக ஒன்றைச் சொல்லும். கடைசி மூன்றில் எது சிறியதோ அதற்குத்தான் கப்பல் கட்டுப்பட வேண்டும். ஆனால் பயணச்சீட்டு விற்பனை ஓராண்டு, இரண்டாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விற்றுக்கொண்டிருக்கும்போதே அந்த எண்களில் ஒன்று சரிந்தால், கையில் சீட்டு வைத்திருப்பவர்களில் யாரை இறக்குவது?

படகிலிருந்து தொடங்குவோம். எல்லாக் கணக்குக்கும் அடியில் இருப்பது அதுதான்.

1912இல் டைட்டானிக் கப்பலில் இருந்த 20 படகுகளில் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலிலோ 2,200க்கு மேல் ஆட்கள். இதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. அன்றைய பிரிட்டிஷ் விதி படகுகளின் எண்ணிக்கையை ஆட்களை வைத்து முடிவு செய்யவில்லை, கப்பலின் டன்னேஜை வைத்து முடிவு செய்தது. அந்தப் பட்டியலோ 10,000 டன்னோடு நின்றுவிட்டது. 46,000 டன் டைட்டானிக்குக்கும் அதே 16 படகுகள்தான் கட்டாயம். நான்கைக் கூடுதலாகவே வைத்திருந்தார்கள்.

டைட்டானிக் மூழ்கி நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு 1914இல் எழுதப்பட்டதுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை. சோலாஸ் என்று கப்பல்காரர்கள் சொல்வது இதைத்தான். இன்று நடைமுறையில் இருக்கும் வடிவம் 1974இல் எழுதப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி பெரிய பயணிகள் கப்பலில் படகுகளும், காற்றடைத்து விரியும் மிதவைகளும் சேர்த்து, கப்பலில் இருப்பவர்களில் 125 விழுக்காட்டினருக்கு இடம் இருக்க வேண்டும். எதற்கு அந்த 25 விழுக்காடு? மூழ்கும் கப்பல் நேராக நின்று மூழ்குவது அபூர்வம். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியா ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, மேலே தூக்கிக்கொண்ட பக்கத்துப் படகுகளை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. 32 பேர் இறந்தார்கள். ஒரு பக்கத்துப் படகுகள் கைவிட்டாலும் மிச்சமிருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்பதற்கான கையிருப்பு அது.

ஒரு படகில் எத்தனை பேர் என்பதையும் கண்ணால் மதிப்பிட்டுவிட முடியாது. ஓர் ஆளுக்கு 75 கிலோ எடை, அமர 430 மில்லிமீட்டர் அகலம், அதுவும் உயிர்காப்பு அங்கி மாட்டிய நிலையில். இதுதான் பயணிகள் கப்பலுக்கான அளவு. சரக்குக் கப்பலுக்கு 82.5 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வளர்ந்த மாலுமிகள், இங்கே குழந்தைகளும் உண்டு என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் புரியும். 430 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை அடிக்கும் குறைவு. ஒரு ஸ்கேல் எடுத்து நாற்காலியில் அளந்து பாருங்கள். பஃபே மேசையில் மூன்றாவது முறை தட்டை நிரப்பும் பயணிக்கு, கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒதுக்கியிருப்பது அவ்வளவு இடம்தான்.

சோலாஸ் விதிப்படி ஒரு படகில் 150 பேருக்கு மேல் கூடாது. 2009இல் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் வந்தபோது இந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் கப்பலின் இரு விளிம்பிலும் படகுகளைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. எனவே மாற்று வடிவமைப்பாக 370 பேர் கொள்ளும் படகுகளைச் செய்து, அதே அளவு பாதுகாப்பானவை என்று காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். அப்படிப் 18 படகுகள், மொத்தம் 6,660 இருக்கைகள். மிச்சப் பேருக்கு மிதவைகள்.

இந்த இருக்கைக் கணக்கு முன்பதிவுத் திரைவரை வந்து சேர்வதுதான் வேடிக்கை. கப்பலில் ஒவ்வொரு கேபினும் ஓர் அவசரக் கூடுமிடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அபாயச் சங்கு ஒலித்தால் அந்தக் கேபின்காரர்கள் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும், அங்கிருந்து அதற்குரிய படகுக்கு. ஒரு பகுதியில் குடும்பங்கள் நிறையப் பதிவு செய்து, மூன்றாவது நான்காவது படுக்கைகளும் நிரம்பிவிட்டால், அந்தக் கூடுமிடத்தின் எண்ணிக்கை முடிந்துபோகும். அதே வரிசையில் நான்கு பேர் தங்கும் கேபின் காலியாக இருந்தாலும் இரண்டு பேருக்குத்தான் கொடுப்பார்கள். "கேபின் காலியாக இருக்கிறது, நான்கு படுக்கை இருக்கிறது, பிள்ளைகளை ஏற்ற ஏன் மறுக்கிறீர்கள்?" என்று பயண முகவரிடம் சண்டை போடும் அப்பாக்கள் இந்தப் படகை நினைத்துப் பார்ப்பதில்லை. முகவர்களிலும் எத்தனை பேர் விளக்கிச் சொல்கிறார்கள் என்பது கேள்விதான்.

படகு ஒன்று பழுதானாலும் இதே கதை. கம்பிவடம் அறுந்தோ, கொக்கி துருப்பிடித்தோ ஒரு படகு பயன்படாது என்று ஆகிவிட்டால், மாற்றுப் படகோ கூடுதல் மிதவையோ வரும்வரை அந்த அளவுக்கு ஆட்களைக் குறைத்துத்தான் கப்பலை விடுவார்கள். குளிரூட்டி கெட்டுப்போன கேபின் வரிசை, குழாய் உடைந்து நனைந்த தளம், பெரிய கப்பலுக்குப் பதிலாகச் சின்னக் கப்பலை அனுப்ப வேண்டிய நிலை என்று கொள்ளளவு சுருங்க வேறு காரணங்களும் உண்டு.

இனி, இடத்துக்கு மேல் சீட்டு விற்பது. இது ஏமாற்று வேலை என்பது பொதுவான எண்ணம். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர், முழுத் தொகை கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது விலகிவிடுவார்கள். அந்தக் கெடு பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வரும். விலகுவோர் எத்தனை பேர் என்பது பழைய பயணங்களின் பதிவேட்டிலிருந்து நன்றாகவே தெரியும். அவ்வளவையும் காலியாக விட்டுக் கப்பலை ஓட்டினால், அந்த நட்டத்தை மற்ற பயணிகளின் கட்டணத்தில்தான் ஏற்றுவார்கள்.

இதில் ஒரு கணித அழகு இருக்கிறது. பேச்சுக்கு, 100 கேபின் உள்ள ஒரு சிறு கப்பல். பதிவு செய்பவர்களில் பத்தில் ஒருவர் விலகுவார் என்று வைத்துக்கொள்வோம். 108 கேபின் விற்றால் சராசரியாக 97 பேர்தான் வந்து நிற்பார்கள். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஏறக்குறைய ஏழு பயணத்தில் ஒன்றில் நூறைத் தாண்டிய கூட்டம் வந்து நிற்கும். இப்போது அதே விகிதத்தில் 1,000 கேபின் உள்ள கப்பலுக்கு 1,080 கேபின் விற்போம். அங்கே இடம் போதாமல் போவது பல நூறு பயணத்தில் ஒருமுறைதான். எண்ணிக்கை பெருகப் பெருக, தனித்தனி மனிதர்களின் ஏறுமாறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடுகின்றன. பெரிய கப்பல் துணிந்து கூடுதலாக விற்கலாம், சின்னக் கப்பல் அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்ளும்.

கப்பலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. விமானத்தில் இருக்கை என்றால் இருக்கைதான். கப்பலில் ஜன்னல் இல்லாத உள்கேபின், கடல் பார்த்த கேபின், பால்கனி கேபின், சூட் என்று படிகள் இருக்கின்றன. மலிவான உள்கேபினைத்தான் பெரும்பாலும் கூடுதலாக விற்பார்கள். அது நிரம்பி வழிந்தால், சிலரை இலவசமாகவோ சிறு தொகைக்கோ ஒரு படி மேலே ஏற்றுவார்கள். மேல் படியில் இருப்பவரை அதற்கும் மேலே. இதற்காகவே எந்தக் கேபின் என்று எண் குறிப்பிடாமல், வகையை மட்டும் உறுதி செய்யும் சீட்டைக் கொஞ்சம் மலிவாக விற்கிறார்கள். நம் ரயிலின் ஆர்ஏசி போலத்தான்: ஏறுவது நிச்சயம், எங்கே படுப்பது என்பது கடைசி நேரத்தில் தெரியும். திடீரென்று பால்கனி கேபின் கிடைத்தவர் தன் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பல நாள் பேசுவார். கீழே ஓர் உள்கேபினை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள் என்பது பல சமயம் அந்த அதிர்ஷ்டத்தின் மறுபக்கம்.

இந்த நேர்த்தியான ஏற்பாடெல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் காரணத்துக்காக, மற்றவரோடு தொடர்பில்லாமல் விலகுவார்கள். மொத்த இடமோ மாறாது. 2020இல் இரண்டும் ஒருசேர உடைந்தன.

பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொகுசுக் கப்பல்கள் ஓடவே கூடாது என்று உத்தரவு போட்டது. பிறகு ஒவ்வொரு நாடாகத் திறந்தபோது, கூடவே உச்சவரம்பும் வந்தது. 2020 நவம்பரில் சிங்கப்பூர், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களைப் பாதிக் கொள்ளளவுடன் அனுமதித்தது. 2021 மே மாதம் இங்கிலாந்தில், கொள்ளளவில் பாதி அல்லது 1,000 பயணிகள், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. அப்போது சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பிய எம்எஸ்சி விர்ச்சுவோசாவில் 6,000 பேருக்கு மேல் ஏறலாம். வரம்போ 1,000. அமெரிக்காவில் நீண்ட முடக்கத்துக்குப் பிறகு கட்டணப் பயணிகளுடன் முதலில் புறப்பட்ட பெரிய கப்பல் செலிபிரிட்டி எட்ஜ். 2021 ஜூன் 26 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிளம்பிய அதில் ஏறக்குறைய 40 விழுக்காட்டு இடமே நிரப்பப்பட்டிருந்தது. தொற்று வந்தால் தனிமைப்படுத்த ஒரு பகுதிக் கேபின்களைக் காலியாக வைத்திருக்க வேண்டியும் இருந்தது.

ஆயிரம் கேபினில் தொள்ளாயிரம் விற்றாயிற்று, இப்போது நானூறுதான் ஓட்டலாம் என்றால், எந்த நிகழ்தகவுச் சூத்திரமும் கைகொடுக்காது. கப்பல் நிறுவனங்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது, பலவும் இந்தக் கணக்கைப் போடவே மறுத்ததுதான். பழைய பயணத்தை முழுசாக ரத்து செய்துவிட்டு, புதிதாக ஒரு சிறு பயணத்தை அறிவித்து, புதிய வரம்புக்குள் புதிதாக விற்றார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூசஸ் 2021 கோடையில் பிரிட்டனியா, ஐயோனா கப்பல்களை அப்படித்தான் உள்நாட்டுக் கரையோரப் பயணத்துக்கு விட்டது. தொள்ளாயிரம் பேரில் யார் நானூறு என்று தேர்ந்தெடுத்துக் கெட்ட பெயர் வாங்குவதைவிட, எல்லோரையும் சமமாக ஏமாற்றமடையச் செய்வது எளிது.

ரத்தானவர்களுக்கு இரண்டு வழி காட்டப்பட்டது: கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது கட்டியதில் 125 விழுக்காட்டை அடுத்த பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரவை வாங்கியவர்களில் பலர் அடுத்த ஆண்டுக்குப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டும் கொள்ளளவு குறைவாகவே இருந்தால்? நெரிசல் தீரவில்லை, தேதி மாறிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

ரத்து செய்யாத பயணங்களில் முதல் வேலை, விற்பனையை நிறுத்துவது. இணையதளத்தில் 'இடமில்லை' என்று போட்டுவிட்டு, தானாக விலகுகிறவர்களை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அக்காலத்தில் ராயல் கரீபியன், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்புவரை விலகிக்கொண்டு வரவு பெறலாம் என்று அறிவித்திருந்தது. பயணிக்குக் காட்டிய பரிவு மட்டும்தானா அது? கூட்டத்தைத் தானாக வடியவிடும் மடையும் அதுவே.

அமெரிக்கத் துறைமுகங்களில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. பயணிகளில் 95 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருந்தால் சோதனைப் பயணம் நடத்தாமலே கப்பலை விடலாம் என்றது விதி. 2021 ஜூனில் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அங்கே தடுப்பூசியே வரவில்லை. ஆகவே கப்பலில் ஆயிரம் இடம் காலியாக இருந்தாலும், ஊசி போடாதோருக்கான ஐந்து விழுக்காடு முடிந்துவிட்டால் குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு இடமில்லை. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்திருந்த சில குடும்பங்களின் சீட்டுகள் அப்படித்தான் ரத்தாயின. எத்தனை பேர் என்பதோடு, எப்படிப்பட்டவர்கள் என்பதும் கொள்ளளவுக்குள் நுழைந்த காலம் அது.

கொரோனா வரம்புகள் போய்விட்டன. கேபின் மிகையாக விற்றுப்போவதும் படகு பழுதாவதும் போகவில்லை. இன்றும் சில பயணிகளுக்கு மின்னஞ்சல் வருகிறது: இந்தத் தேதியை விட்டுக்கொடுத்து வேறு தேதிக்கு மாறினால், கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், கப்பலில் செலவழிக்க இவ்வளவு டாலர் வரவு தருகிறோம். போதிய ஆட்கள் இசையாவிட்டால் அடுத்த கடிதத்தில் தொகை ஏறும்.

இந்த யோசனை ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞருடையது. விமானத்தில் இடம் போதாதபோது ஊழியர் கைகாட்டும் ஆளை இறக்குவதற்குப் பதிலாக, எவ்வளவு கொடுத்தால் நீங்களாகவே இறங்குவீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு, குறைவாகக் கேட்பவரை இறக்கலாம் என்று 1968இல் எழுதினார். விமான நிறுவனங்கள் சிரித்தன. 1972இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடரையே ஒரு விமானத்தில் ஏற்றாமல் விட்டு, அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க அரசு, முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்று விதி செய்துவிட்டது. அவசரமில்லாத மாணவருக்குப் பணம் கிடைக்கிறது, கல்யாணத்துக்குப் போகிறவருக்கு இடம் கிடைக்கிறது. யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு. பொருளாதாரம் நடைமுறை வாழ்க்கைக்குச் செய்த சில உருப்படியான உதவிகளில் இதையும் நான் சேர்ப்பேன்.

கப்பலில் யாருக்குக் கடிதம் அனுப்புவது என்பது தனிப் புதிர். கேபின் போதவில்லை என்றால், கேபினுக்கு இருவராகத் தங்கும் இரண்டு ஜோடிகள் விலகினால் இரண்டு கேபின் கிடைக்கும். நான்கு பேர் குடும்பம் விலகினால் ஒன்றுதான் கிடைக்கும். படகிருக்கை போதவில்லை என்றால் கணக்கு தலைகீழ்: அந்தக் கூடுமிடத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் விலகினாலே நான்கு இருக்கை. துறைமுகத்துக்குக் காரில் வந்துவிடும் உள்ளூர்க்காரரை நகர்த்துவது மலிவு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானச் சீட்டும் விசாவும் ஹோட்டலும் எடுத்து வருகிறவரை நகர்த்துவது செலவு. ஆனால் அந்தச் செலவு நிறுவனத்தின் கணக்கில் தானாக ஏறாது, நீங்கள் சொன்னால்தான் ஏறும்.

சட்டம் கடலில் கொஞ்சம் மெலிந்தே இருக்கிறது. அமெரிக்காவில் விமானத்திலிருந்து விருப்பமின்றி இறக்கப்பட்டவருக்குக் கட்டணத்தின் மடங்காக இழப்பீடு உண்டு, அந்த விதி கப்பலுக்கு இல்லை. பயணம் ரத்தானாலோ, மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமானாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அங்குள்ள கடல்சார் ஆணையம் 2022இல் விதித்தது. ஐரோப்பாவில் தொகுப்புச் சுற்றுலாவின் முக்கிய அம்சம் மாறினால் பயணி கட்டணமின்றி விலகிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சீட்டின் பின்னே பொடி எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம். அதை எழுதியது நிறுவனத்தின் வழக்கறிஞர்.

ஆகவே அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், வந்த நிமிடமே ஒப்புக்கொள்ளாதீர்கள். அது ஏலத்தின் முதல் விலை. விமானச் சீட்டு, விசா, ஹோட்டல் என்று மாற்றினால் ஆகும் செலவை எழுதிக் கூட்டுங்கள், அதைத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வரவாகத் தருகிறோம் என்றால் அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். தேதி உங்களுக்கு ஒரு பொருட்டில்லை என்றால் விட்டுக்கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் முதலிலேயே, முன்பணம் கட்டும் அன்றே, நான்கு பேரின் பெயரையும் பதிந்துவிடுங்கள். படுக்கை பிறகு கிடைக்கலாம், படகில் இடம் கிடைக்காது.